தீக்காயம் பட்ட ஃபா

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு
ஒவ்வொன்றாக ஸ்விட்ச் போட்டுக்கொண்டே வருவேன்.
நாலு மணிக்குள் சூடேற வேண்டும்.
சூடேறாத சின்தசைசர்
கால் சுருதி கீழே கிடந்து உளறும்,
பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் மாதிரி.
அப்போது தூசி கருகி ஒரு வாசனை வரும்.
டிக்கெட்டில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அங்கோனாவுக்குத் தெற்கே, குன்றின் மேல்,
முன்பு இது ஆர்கன் தொழிற்சாலை.
இப்போது நூற்றுப் பன்னிரண்டு கருவிகள்.
இருபத்தேழுக்குக் குரல் உண்டு.
மற்றவை பல்லை மட்டும் காட்டும்.

'வயலின்' என்று எழுதிய பொத்தானை அழுத்தினால்
வயலின் வராது;
வயலினைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட
ஒரு வண்டு வரும்.
'மனிதக் குரல்' என்றும் ஒன்று இருக்கிறது.
பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அதை நான் போடுவதில்லை.
சிரிப்பார்கள் என்பதால் அல்ல,
சிரிக்க மாட்டார்கள் என்பதால்.

அன்றைக்கு ஐந்தே பேர்.
சூரிச்சிலிருந்து ஒரு தம்பதி,
ஹெட்ஃபோனைக் கழற்றாத ஒரு பையன்,
மழைக்கு ஒதுங்கிய தபால்காரர்,
மஞ்சள் மழைக்கோட்டில் எழுபதை எட்டிய ஒரு பெண்.

முப்பத்தொன்றாம் எண் முன்னால் அவர் நின்றுவிட்டார்.
ஆரஞ்சு மூடி, தகரக் கால், இரண்டு வரிசைக் கட்டைகள்.
அட்டையில்: 1974. அன்பளிப்பு: நாஸ்ஸரேனோ புஜொலாக்கி.
கண்ணாடி போட்டு வாசித்தார்.
கழற்றித் துடைத்து
மறுபடி வாசித்தார்.
பிறகு கயிற்றைத் தாண்டிவிட்டார்.

'சிஞ்ஞோரா, தொடக்கூடாது.'
'என் சாமானையா?'

வேறெதையும் தடவவில்லை. விரல் நேராகப் போய்
மேல் வரிசையில் ஒரு ஃபா மேல் நின்றது.
ஓரத்தில் பழுப்பாக உருகிய பள்ளம்.
பதிவேட்டில் அதை நான்
'உற்பத்திக் குறை' என்று எழுதியிருந்தேன்.

'சிகரெட்.
ரிமினியில் ஒரு கல்யாணம், மூன்றாவது வால்ட்ஸ்.
இங்கே வைத்துவிட்டுப் பாடப் போனேன்.'

பெயர் எர்மீனியா.
பெஸாரோவில் வேனோடு திருட்டுப் போய்விட்டது என்றானாம் நாஸ்ஸரேனோ.
'நான் அழுதேன். அவனும் அழுதான்.
என்னைவிட நன்றாகவே அழுதான்.
அப்புறம் பதினோரு மாதம்
இல்லாத ஆர்கனுக்குத் தவணை கட்டினேன்.'

சுவிஸ் தம்பதி மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.
தபால்காரர் பார்க்கவில்லை, நன்றாக இந்தப் பக்கமே பார்த்தார்.

'இது ஒலிக்காது, சிஞ்ஞோரா.
மூன்று டெக்னீஷியன்கள் கைவிட்டது.'
'பிளக்கை மாட்டு.'
மாட்டினேன்.
இடது ஓரத்தில், மூடிக்குக் கொஞ்சம் கீழே,
விரலை மடக்கி நங்கென்று ஒரு குட்டு வைத்தார்.

விளக்கு எரிந்தது.
நாற்பத்தேழு வருடக் குட்டு
அந்த ஒரே குட்டில் உடைந்தது.

ஃபாவை அழுத்தினார். வந்தது.
கையை எடுத்தார்,
நிற்கவில்லை.
கட்டை கீழேயே ஒட்டிக்கொண்டு
அடிவயிற்றிலிருந்து ஒரே சுரம், நீளமாக.
பையன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.
நான் ஸ்விட்சுக்குக் கை நீட்டினேன்.
'இருக்கட்டும்,' என்றார்,
'அவசரமாகவா போகிறாய்?'

திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன்.
எந்தப் படிவம், எந்த வக்கீல் என்று
மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.
நாஸ்ஸரேனோவின் நம்பர் ஆபீஸில் இருக்கிறது;
அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
'வீட்டில் இடமில்லை,' என்று கோட்டுப் பொத்தானைப் போட்டார்.
'சின்னதாகக் கண்ணாடிப் பெட்டி ஏதாவது இருக்கிறதா?'

அடுத்த வியாழன் மஞ்சள் கோட்டு மறுபடி வந்தது.
பிஸ்கட் டப்பாவில் பதினோரு ரசீதுகள்,
ஒவ்வொன்றிலும் வங்கி முத்திரை, மை மங்காமல்.
முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.
அட்டையில் 'அன்பளிப்பு' என்ற சொல்லை
அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.
மேற்கோள் குறி மட்டும் போடச் சொன்னார்.

ஒலிப்பவை இப்போது இருபத்தெட்டு.
கடைசியாக அணைப்பது அதைத்தான்.
அந்த ஃபா இன்னும் ஒட்டுகிறது.
சுருதி மட்டும்
இம்மியும் பிசகவில்லை.